கடற்கரைச் சாலையில் பழைய கார் திடீரென்று நின்றுவிட்டால்: கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், பானட்டைத் திறந்து கைக்கு எட்டியதையெல்லாம் ஆட்டிப் பார்ப்பதுதான் பலருக்கும் வழக்கம். பிளக் வயரைப் பிடுங்கி மறுபடி செருகுவார்கள், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைத் தட்டுவார்கள், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வண்டி கிளம்பினாலும் எதனால் நின்றது என்பது தெரியாமலே போய்விடும். அந்தக் கோளாறு அடுத்த முறை பாம்பன் பாலத்தின் உச்சியில் திரும்ப வரும். கிளம்பாவிட்டால் இன்னும் மோசம்: ஒரு கோளாறோடு நின்ற வண்டியில் இப்போது இரண்டு கோளாறுகள்.

வண்டி எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, எதையும் மாற்றாமல், வரிசை தவறாமல் சோதிப்பதில் இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் இந்த வரிசைக்குள் உப்பையும் மணலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதுரையில் ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராத ஒரு வயர் இணைப்பு, மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பூத்து நிற்கும்.

இங்கே சொல்லப்போவது பெட்ரோல் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளுக்குப் பொருந்தும். பாயிண்ட் செட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கரண்டை விட்டு விட்டு வெட்டும் முனைகள்), கண்டன்சர் (அந்த முனைகளில் பொறி தெறிக்காமல் காக்கும் சின்ன உருளை), கார்புரேட்டர் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இதே முறைதான். டீசல் வண்டிகளின் கதை வேறு. அதை இதில் கலக்கவில்லை.

முதலில் வண்டியைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

எஞ்சின் நின்றதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டி உருளும் வேகம் தீரும் முன் ஓரம் தேடுங்கள். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். ஏற்றத்தைக் கடந்த பிறகு நின்றால், உருட்டியே கீழே இறக்கிவிடலாம். ஏற்றத்திலேயே நின்றால் கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்து, வண்டிகள் வரும் திசையில் ஒருவரை நிறுத்துங்கள். பாலத்தில் நின்று பானட்டுக்குள் தலையை விடாதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளிக் கீழே கொண்டுவருவதே சரி.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தனுஷ்கோடிச் சாலையிலும் இன்னொரு ஆபத்து, தார் விளிம்பை ஒட்டிய மணல். அது கெட்டியான தரை மாதிரி தெரியும். அம்பாசடரின் எடைக்குப் பின் சக்கரம் ஒரு முறை இறங்கிவிட்டால், எஞ்சின் சரியானாலும் வண்டி வெளியே வராது. இரண்டு சக்கரங்களாவது தாரின் மேல் இருக்கட்டும். ஓரத்தில் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதன் முள் டயரைக் கிழிக்காமல் விடாது.

நின்ற விதத்தை நினைவில் இருத்துங்கள்

சாவியை மறுபடி திருப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். முடிந்தால் தாளில் எழுதுங்கள்.

விளக்கை அணைத்தது போல், ஒரு குலுக்கலும் இல்லாமல் சட்டென்று நின்றதா? அப்படியானால் மின்சாரக் கோளாறு. பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் வயர், பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார், சாவி சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று.

இழுவை குறைந்து, திக்கித் திக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகி, கடைசியில் நின்றதா? பெட்ரோல் வரவில்லை. நின்ற பிறகு சிறிது நேரம் கழித்துக் கிளம்பி, அரைக் கிலோமீட்டரில் மறுபடி நின்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

சூட்டுமானி ஏறி, பலம் குறைந்து, டக் டக் என்று எஞ்சின் தட்டி நின்றதா? அதிகச் சூடு. ஆயில் விளக்கு எரிந்து, அல்லது உலோகம் அறையும் ஒலி கேட்டு நின்றதா? அப்படியென்றால் செல்ஃப் அடிக்கவே கூடாது. கீழே எஞ்சின் பற்றிச் சொல்லும் பகுதிக்கு நேராகப் போங்கள். எஞ்சின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் அது கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்ஸில் விவகாரம். அதற்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

மழையில் நின்றதா, வெயிலில் நின்றதா, குழியில் இறங்கி ஏறியவுடன் நின்றதா என்பதும் முக்கியம். குழிக்குப் பிறகு நின்ற வண்டியில் கழன்ற வயரைத் தேடுங்கள். விடியற்காலையில் கடலோரம் நிறுத்தியிருந்த வண்டி கிளம்பவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கும்.

கண்ணும் மூக்கும்

பானட்டைத் திறந்ததும் கையை வைக்காமல் பாருங்கள். பெட்ரோல் வாடை வருகிறதா? வந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் எந்தத் தீப்பொறிச் சோதனையும் செய்யக் கூடாது. வயர் கருகிய வாடை வந்தால் உடனே பேட்டரி முனையைக் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட் இருக்கிறதா, ரேடியேட்டர் குழாயில் ஆவி வருகிறதா, காயிலின் நடு வயர் இடத்தில் இருக்கிறதா, கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாய் கழன்றிருக்கிறதா என்று வரிசையாகக் கண்ணை ஓட்டுங்கள். இந்தப் பார்வையிலேயே விடை கிடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் மணல் தரையை ஒட்டிப் பறந்துகொண்டே இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையோ கார்புரேட்டரையோ திறப்பதற்கு முன் ஒரு துண்டைக் காற்று வரும் பக்கம் மறைப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாயிண்டுக்கு நடுவில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், நீங்கள் தேடும் கோளாற்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

பேட்டரியும் எர்த்தும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு சற்று மங்கி, எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரி நலம். விளக்கு முழுவதும் செத்துப்போனால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது முனையில் பிடிப்பு இல்லாமல் இருக்கலாம். விளக்கு மங்கவே இல்லை, செல்ஃபும் பேசவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. விளக்கு மங்கி, டக் என்று ஒரே ஒலியோடு நின்றால் செல்ஃப் பல் சிக்கியிருக்கலாம். மேல் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். லூகாஸ் செல்ஃப் மோட்டாரின் பின்முனையில் சதுரத் தண்டு இருந்தால் அதை ஸ்பேனரால் திருப்பியும் விடுவிக்கலாம்.

மல்ட்டிமீட்டர் கையில் இருந்தால் பேட்டரியை அளந்துவிடுங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்.

இந்தக் கடற்கரையில் பேட்டரியை விட நான் அதிகம் சந்தேகப்படுவது எர்த்தை, அதாவது பாடி வழியே பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் வழியை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் மின் இணைப்பு தருவது ஒரு பின்னல் பட்டை மட்டுமே. உப்புக் காற்றில் அந்தப் பட்டையின் நுனி பச்சையாகி, உள்ளுக்குள் தூளாகிவிடும். அப்போது செல்ஃப் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும்: சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் எந்தக் கம்பியிலும் ஓடும். செல்ஃப் அடித்த பிறகு டாஷ்போர்டில் உள்ள சோக் குமிழையும் கேபிளையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சோதனை தேவையில்லை; எர்த் பட்டை போய்விட்டது.

மீட்டர் வைத்துச் சோதிப்பது இன்னும் துல்லியம். ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ அடைப்பு. தற்காலிகத் தீர்வு எளிது: ஜம்ப்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி எர்த்திலும் மறுமுனையை பிளாக்கிலும் கவ்வவிட்டால் வண்டி கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் புதுப் பட்டை போட்டு, நட்டுக்கு அடியில் இரும்பு பளபளக்கத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கிரீஸைத் தடவிவிட்டு நட்டை இறுக்கும் வழக்கம் இங்கே உண்டு. முதலில் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பூச்சு அதற்குப் பிறகுதான்.

மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு எர்த் ஆகியிருக்கும். அடுத்தவர் வண்டியில் கை வைக்கும்போது, கேபிள் மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள்.

கரண்ட் வருகிறதா: பற்றவைப்புச் சோதனை

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது தீப்பொறி. பெட்ரோலை முதலில் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் தீப்பொறியையே முதலில் பார்ப்பேன். அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும், எதையும் கழற்றிச் சிந்த வேண்டியதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் காயில் வயரை உருவி, ரப்பர் உறை போட்ட குறட்டால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில், டப் டப் என்று ஒலியோடு பொறி தாண்டினால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் நலம். அப்படியும் பிளக்குக்குக் கரண்ட் போகவில்லை என்றால் ரோட்டாரிலும் மூடியிலும்தான் கோளாறு. மூடியைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெல்லிய கரிக்கோடு ஓடியிருந்தால் அந்த வழியே கரண்ட் கசிகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இந்தக் கோடு சீக்கிரம் விழும். உலர்ந்த பருத்தித் துணியால் மூடியையும் வயர்களையும் காயிலின் தலையையும் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். நடுவில் உள்ள கார்பன் முனை தேய்ந்து உள்ளே போயிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பொறி மெலிந்து மஞ்சளாக இருந்தால் கண்டன்சர் அல்லது காயில். கண்டன்சர் போன வண்டியில் பாயிண்ட் திறக்கும்போது அதன் நடுவிலேயே பெரிதாகத் தீப்பொறி தெறிக்கும், முனைகள் கருத்திருக்கும். புதுக் கண்டன்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்டச் சாலையோரத்தில் சிரமப்பட வேண்டியதில்லை. அதன் வயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலும், உடலை ஏதாவது ஒரு எர்த் திருகிலும் இணைத்து, பழைய கண்டன்சரின் வயரைக் கழற்றிவிட்டால் வீடு வரை வரலாம்.

பொறியே இல்லை என்றால் டெஸ்ட் லேம்பை எடுங்கள். ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பும் இரண்டு வயரும் போதும். ஒரு வயரை பிளாக்கில் எர்த் செய்துவிட்டு, சாவியைத் திருப்பி வைத்து, கீழ்க்கண்டபடி பாருங்கள்.

1. காயிலில் சாவியிலிருந்து வரும் முனையைத் தொடுங்கள். பழைய காயில்களில் இதில் எஸ்.டபிள்யூ. என்று எழுதியிருக்கும். பல்பு எரியவில்லை என்றால் சாவி சுவிட்சிலோ வயரிலோ கோளாறு. பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து இந்த முனைக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தால் எஞ்சின் ஓடும். நிறுத்த வேண்டுமானால் அந்த வயரைக் கழற்ற வேண்டும்; சாவிக்கு அது கட்டுப்படாது.

2. பல்பு எரிந்தால், அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையைத் தொடுங்கள், அதில் சி.பி. என்று இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பல்பு மினுக் மினுக் என்று எரிந்து அணைந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அப்படியும் பொறி இல்லையென்றால் காயிலோ கண்டன்சரோ போய்விட்டது.

3. பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரண்ட் கடக்கவில்லை. பாயிண்ட் முனையில் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவில் ஓட்டி, பிறகு சுத்தமான காகிதத்தை ஓட்டித் துகளை எடுங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) சரிபாருங்கள். அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

4. பல்பு எரியவே இல்லை என்றால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு அதே முனையை மறுபடி தொடுங்கள். இப்போது எரிந்தால் பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ ஷார்ட்: கண்டன்சர் உடைந்திருக்கும், அல்லது பாயிண்ட் ஸ்பிரிங்கின் இன்சுலேஷன் வாஷர் போயிருக்கும். கழற்றிய பிறகும் எரியவில்லை என்றால், பாயிண்ட் திறந்திருக்கிறதோ மூடியிருக்கிறதோ, காயிலுக்குள் கம்பி அறுந்திருக்கிறது.

சாவியைத் திருப்பியபடியே மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் கொதிக்க ஆரம்பிக்கும்.

இந்தச் சோதனைகளில் அகப்படாத ஒரு கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உச்சிப்புளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய பத்மினிக்கு இது வந்தது. நின்ற இடத்தில் ஐடிலிங் அழகாக இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு வெட்டு வெட்டி நின்றுவிடும். கார்புரேட்டரை இரண்டு இடங்களில் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. நாங்கள் பாய் என்றே அழைக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் வந்து, வண்டியைத் தொடாமல், “சார், குலுக்கிக்கொண்டு நின்றதா, சட்டென்று நின்றதா?” என்று மட்டும் கேட்டார். சட்டென்று என்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயிண்டுக்குப் போகும் சின்ன வயரை நகத்தால் மெல்ல இழுத்தார். உறை ரப்பர் போல் நீண்டது. உள்ளே இருந்த செம்பு இழைகள் அறுந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன.

காரணம் இதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வாக்குவம் அட்வான்ஸ், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டைத் திருப்புகிறது. தகடு திரும்பும்போதெல்லாம் அந்த வயரும் வளைகிறது. பல ஆண்டுகள் வளைந்து வளைந்து உள்ளே அறுந்துவிடும்; வெளியே உறை முழுதாக இருக்கும். நின்ற வண்டியில் டெஸ்ட் லேம்ப் ஒழுங்காக மினுக்கும். ஓடும்போது மட்டும் அறும். அதே தகட்டை எர்த் செய்யும் பின்னல் வயருக்கும் இதே கதி வரலாம். எனவே மூடியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு வயரையும் நகத்தால் இழுத்துப் பாருங்கள். மாற்று வயர் மெல்லிய பல இழைகள் கொண்டதாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பியைப் போட்டால் மறுபடி சீக்கிரமே அறுந்துவிடும்.

சூட்டில் நிற்கும் வண்டி: உடனே சோதியுங்கள்

அரை மணி ஓடி நிற்கும், ஆறவிட்டால் கிளம்பும் வண்டிகள்தான் மனிதரை அதிகம் அலைக்கழிப்பவை. காயில் சூட்டில் கம்பி விலகி நின்றாலும், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து நின்றாலும் வெளித்தோற்றம் ஒன்றே. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் சரியாகியிருக்கும். எது என்று தெரியாது. ஆகவே நின்ற அந்த நிமிடத்திலேயே மேலே சொன்ன தீப்பொறிச் சோதனையைச் செய்யுங்கள். பொறி இல்லையென்றால் காயிலின் மேல் ஈரத்துணி போடுங்கள். சில நிமிடங்களில் பொறி திரும்பினால் காயிலை மாற்ற வேண்டியதுதான். பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் போகும் வண்டிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும். காற்று ரேடியேட்டரில் மோதாது, பானட்டுக்குள் சூடு தேங்கும். ஆவி அடைப்பு வருவது இப்படிப்பட்ட நாட்களில்தான். பெட்ரோல் பம்பின் மீதும் குழாயின் மீதும் ஈரத்துணி சுற்றி, டேங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடி, கால் மணி நேரம் பொறுத்தால் கிளம்பும். எக்ஸாஸ்டுக்கு அருகே ஓடும் பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கட்டுவதும், நடுவில் சூடு தடுக்கும் தகடு வைப்பதும் நிரந்தரத் தீர்வு.

பெட்ரோல் வருகிறதா

பெட்ரோல் மானியை நம்பாதீர்கள். ஒரு சுத்தமான குச்சியை டேங்குக்குள் விட்டுப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது உள்ளே காற்று இழுக்கும் ஒலி கேட்டால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் வண்டி நிற்காது.

அடுத்து காயில் நடு வயரை உருவி எர்த் செய்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். சூடான எக்ஸாஸ்டிலிருந்து பாட்டில் தள்ளி இருக்கட்டும். செல்ஃப் அடித்தால், எஞ்சினில் இயங்கும் பம்ப் உள்ள வண்டியில் பெட்ரோல் விட்டு விட்டுப் பாய வேண்டும். நன்றாகப் பாய்ந்தால் கோளாறு கார்புரேட்டருக்குள். வரவில்லை என்றால் பம்பிலோ அதற்குப் பின்னாலோ.

வராதபோது, பம்புக்கு டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டேங்கை நோக்கிக் காற்றடியுங்கள். டேங்கில் குமிழ் வரும் ஒலி கேட்டால் வழி திறந்தது. அப்படியும் பம்ப் இழுக்கவில்லை என்றால் அதற்குள் உள்ள ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கும். அப்போது ஆயில் கேஜ் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் அளவு கூடியிருந்தால், பெட்ரோல் எஞ்சின் அடியில் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வண்டிகளின் ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஊறி மென்மையாகி, உள்பக்கம் உரிந்து கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். கடலோரத்தில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அடிக்கடி ஓடாத வண்டியை இங்கே டேங்க் நிறைத்து வைப்பதே நல்லது. ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் ஜெட் அடைப்பு அல்லது பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது. சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் மெயின் ஜெட்டில் தூசு. அதைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகும். காற்றடித்தே எடுக்க வேண்டும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

அதிகச் சூடு

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். முதலில் ஃபேன் பெல்ட், அடுத்து குழாய்கள், அடுத்து ரேடியேட்டரின் முன்பக்கம். மணலும் பூச்சியும் உப்பும் சேர்ந்து ரேடியேட்டர் இடைவெளிகளை அடைத்திருந்தால், பின்னாலிருந்து முன்னால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தக் கரையில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உவர். அவசரத்துக்கு அருகிலுள்ள கிணற்று நீரை ஊற்றினால் ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படியும். குடிநீர் 5 லிட்டர் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். எஞ்சின் ஆறும் முன் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் மேல் மூடியான ஹெட் வெடிக்கும்.

ஆயில் கம்பியில் மோர் நிறம் தெரிந்தாலோ, ஆறிய ரேடியேட்டரில் எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழ் வந்தாலோ ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

எஞ்சினுக்குள் ஏதோ உடைந்தது என்ற சந்தேகம்

ஆயில் கம்பியைப் பாருங்கள். ஆயில் இருக்கிறதா? இருந்தால், எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஃபேனையும் பெல்ட்டையும் பிடித்துக் கையால் எஞ்சினைச் சுற்றப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. செல்ஃபாலோ தள்ளியோ கிளப்ப முயன்றால் கிராங்க் வரை சேதமாகும்.

சுற்றுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டாரைப் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். எஞ்சின் சுற்றியும் ரோட்டார் அசையவில்லை என்றால் டைமிங் செயினோ டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பல்லோ போயிருக்கிறது. இத்தனை பெரிய கோளாற்றை ஒரு கருவியும் இல்லாமல் காட்டிக்கொடுக்கும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

கியரில் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விட்டு, ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். முள் ஏறுகிறது, வண்டி நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் வரை சரி. பின்னால் ஆக்ஸில் தண்டு முறிந்திருக்கிறது, அல்லது ஷாஃப்ட் ஜாயிண்ட் கழன்றிருக்கிறது. முள்ளும் அசையவில்லை என்றால் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் அடம்பிடித்தால், கிளட்ச் ஆயில் சிலிண்டரில் ஒழுகல். ஆக்ஸில் முறிந்த வண்டியைச் சாதாரணமாக இழுக்காதீர்கள்; சில அமைப்புகளில் சக்கரமே வெளியே வந்துவிடும். லாரியின் மேலே ஏற்றிக்கொண்டு போவதே பாதுகாப்பு.

டிக்கியில் இருக்க வேண்டியவை

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக் கரை முடியும் அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1964 புயலுக்குப் பிறகு அங்கே ஊர் என்று ஒன்று இல்லை. மெக்கானிக் கடையோ பெட்ரோல் பங்க்கோ எதிர்பார்க்க முடியாது. மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, பத்மினியும் ஹெரால்டும் அதற்கு வெகு முன்பே. நின்ற இடத்தில் பாகம் தேட முடியாது.

பாயிண்ட் செட், கண்டன்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட், ஒரு முழம் பெட்ரோல் குழாயும் கிளிப்புகளும், பம்ப் டயாஃப்ரம், டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ், உப்புத்தாள், குறடு, ஸ்பேனர்கள், ஜம்ப்பர் கேபிள், பருத்தித் துணி, குடிநீர், தீயணைப்பான். கண்டன்சர் மட்டும் இரண்டு வையுங்கள். இப்போது வரும் புதியவற்றில் சில மாட்டிய நாளிலேயே போய்விடுகின்றன. வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டன்சரைக் கழற்றி உபரியாக வைத்துக்கொள்வதே மேல். எல்லாவற்றையும் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் உபரிப் பாகமும் துருப்பிடித்திருக்கும்.

உங்களால் முடியாமல் வண்டியை மெக்கானிக்கிடம் ஒப்படைக்க நேர்ந்தால், நின்ற விதம், அப்போதிருந்த சூடு, பொறி இருந்ததா, பெட்ரோல் பாய்ந்ததா, நீங்கள் எதைத் தொட்டீர்கள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள். அவர் கழற்றும் பாகங்களைத் தூக்கிப் போடாமல் உங்களிடம் தரும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.